பால் ஹன்டர் க்ளாசிக்: ஃபியூர்த் ஊர் ஸ்னூக்கர் போட்டி பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

க்ளப்ல ஆட வர்ற பசங்க என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குறது இதெல்லாம், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லாம ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச போட்டி இது, அதனால சில எடத்துல நீளமா போகும், பொறுத்துக்கங்க.

பால் ஹன்டர் க்ளாசிக்னா என்ன?

ஜெர்மனில ஃபியூர்த்ங்கிற ஊர்ல 2004ல ஆரம்பிச்சு 2019 வரைக்கும் நடந்த ஸ்னூக்கர் (பெரிய டேபிள்ல க்யூ குச்சியால கலர் பால்கள பாக்கெட்ல தள்ளுற ஆட்டம்) போட்டி. பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசில, வெயில் காலத்துல நடக்கும். ஆரம்பத்துல கிராண்ட் ப்ரீ ஃபியூர்த்னு பேரு, அப்புறம் தான் பால் ஹன்டர் பேரு வந்துச்சு. முதல்ல ப்ரோ-ஆம் போட்டியா இருந்துச்சு, அப்புறம் ப்ளேயர்ஸ் டூர் சாம்பியன்ஷிப்ங்கிற சின்னப் போட்டிங்களோட தொடர்ல சேந்துச்சு, அப்புறம் முழு ரேங்கிங் போட்டியாச்சு (ப்ளேயரோட தரவரிசைக்கு பாயின்ட் தர்ற போட்டி), கடைசி வருஷம் 16 பேர் மட்டும் ஆடுற அழைப்புப் போட்டியாச்சு, அதோட நின்னுபோச்சு. ஒரே போட்டி இத்தன வேஷம் போட்டது ஸ்னூக்கர்ல அபூர்வம்.

ப்ரோ-ஆம்னா என்ன, சாதா போட்டிக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

ப்ரோவும் (ஆட்டத்தையே தொழிலா வெச்சிருக்குறவங்க) அமெச்சூரும் (நம்மள மாதிரி ஆசைக்கு ஆடுறவங்க) ஒரே ட்ராவுல, அதாவது யாரு யாரோட ஆடுறதுங்கிற ஒரே பட்டியல்ல ஆடுறது. அவ்வளவுதான், ஆனா அந்த "அவ்வளவுதான்"ல தான் எல்லாம் இருக்கு. கிரிக்கெட்ல ஞாயித்துக்கிழமை தெருவுல ஆடுறவன் போய் கோலிக்கு பால் போட முடியுமா, முடியாது. ஸ்னூக்கர்ல இந்த மாதிரி போட்டில பேரு குடுத்து, ஃபீஸ் கட்டி, மொதல் ரெண்டு மூணு ரவுண்டு ஜெயிச்சு வந்தா உலக சாம்பியன் உங்க எதிர்ல வந்து கை குடுப்பாரு.

இது ஃபியூர்த்ல புதுசா கண்டுபிடிச்சது இல்ல. இங்கிலாந்து வேல்ஸ் பக்கமெல்லாம் ப்ரோ-ஆம் பழைய பழக்கம், வேல்ஸ்ல ப்ரெஸ்டாடின்ல பான்டின்ஸ் ஹாலிடே கேம்ப்ல எழுபதுகள்லயே பெரிய ப்ரோ-ஆம் திருவிழா நடந்துச்சு, குடும்பத்தோட லீவுக்கு வந்தவங்களும் க்யூ கேஸ எடுத்துட்டு வந்து ஆடுவாங்க. அங்க ப்ரோ ஆளு அமெச்சூருக்கு ஸ்டார்ட் குடுக்கணும், அதாவது ஃப்ரேம் (டென்னிஸ்ல செட் மாதிரி, மேட்ச்ல ஒரு தனி ஆட்டம்) ஆரம்பிக்கும்போதே அமெச்சூருக்கு இவ்வளவு பாயின்ட்னு போட்டுருவாங்க. நம்ம க்ளப்ல "முப்பது ஸ்டார்ட் குடு, ஆடுறேன்"னு பேரம் பேசுவோமே, அதே கதை தான். ஆனா ஃபியூர்த் ப்ளேயர்ஸ் டூர்ல சேந்த பிறகு ஸ்டார்ட் கீர்ட் எதுவும் கிடையாது, ஜீரோவுக்கு ஜீரோ.

ஃபியூர்த் எங்க இருக்கு? ஏன் அந்த சின்ன ஊர்ல?

பவேரியா மாநிலத்துல, நியூரம்பெர்க்குக்கு ஒட்டுனாப்ல இருக்கு. ஜெர்மனில முதல் ரயில் 1835ல ஓடுனது இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல தான், அவ்வளவு கிட்ட. ஹென்றி கிஸ்ஸிஞ்சர் பொறந்த ஊரும் இது தான். போட்டி நடந்தது ஊரோட ஷ்டட்ஹாலேல, நம்ம ஊர் டவுன் ஹால் மாதிரி, கச்சேரி நாடகம் எல்லாம் நடக்குற இடம்.

ஏன் ஜெர்மனின்னு கேட்டா, அங்க ஸ்னூக்கர யூரோஸ்போர்ட் டிவி வளத்துவிட்டுச்சு. ரோல்ஃப் கால்ப்னு ஒரு வர்ணனையாளர், அவரு குரல்ல தான் ஒரு தலைமுறை ஜெர்மன்காரங்களே இந்த ஆட்டத்த கத்துக்கிட்டாங்க. ஆனா ஆடுறவங்கள நேர்ல பாக்கணும்னா இங்கிலாந்து போகணும். அந்த நெலமைல பக்கத்து ஊர்லயே வந்து ஆடுறாங்கன்னா விடுவாங்களா. 2004ல ஜெர்மனில வேற பெரிய ஸ்னூக்கர் போட்டியே கிடையாது, பெர்லின்ல ஜெர்மன் மாஸ்டர்ஸ் ஆரம்பிச்சது 2011ல தான். அதனால க்ளப் ஆளுங்க சேந்து கட்டுன போட்டிக்கு ஊரே வந்து நின்னுச்சு.

பால் ஹன்டர் யாரு?

இதுக்கு நான் நீளமா தான் பதில் சொல்லுவேன்.

1978 அக்டோபர் 14ல இங்கிலாந்துல லீட்ஸ்ல பொறந்தவரு. 16 வயசுல ப்ரோ ஆனாரு, 19 வயசுல 1998 வெல்ஷ் ஓப்பன் ஃபைனல்ல ஜான் ஹிக்கின்ஸ ஜெயிச்சாரு. பொன்னிற முடி, சிரிச்ச முகம், பத்திரிகைக்காரங்க எல்லாம் ஸ்னூக்கரோட பெக்காம்னு எழுதுனாங்க. அந்த அழகு பேச்செல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஆட்டத்த பாருங்க. அப்போ லண்டன் வெம்ப்ளில நடந்துட்டிருந்த மாஸ்டர்ஸ் போட்டிய மூணு தடவ ஜெயிச்சிருக்காரு, 2001, 2002, 2004. மூணு ஃபைனலும் 10-9. மூணுலயும் பின்னாடி இருந்து வந்து ஜெயிச்சது. 2001ல ஃபெர்கல் ஓ'ப்ரையன் கூட 2-6ல இருந்தாரு, சாயங்காலம் திரும்பி வந்து ஆறு ஃப்ரேமுக்குள்ள நாலு செஞ்சுரி (விடாம ஒரே மூச்சுல 100 பாயின்ட் இல்ல அதுக்கு மேல) அடிச்சாரு. 2002ல மார்க் வில்லியம்ஸ் கூட 0-5. 2004ல ரோனி ஓ'சல்லிவன் கூட 2-7.

ஒரு தடவ க்ளப்ல நான் 0-3ல இருந்தப்ப எங்க மார்க்கர் அண்ணன் ஸ்கோர் போர்டுல நம்பர மாத்திக்கிட்டே "ஹன்டர் 2-7ல இருந்து வந்தாருடா தம்பி"ன்னாரு. நான் அந்த மேட்ச் தோத்துட்டேன் தான், ஆனா அன்னிக்கு நைட்டு வீட்டுக்குப் போய் அந்த 2004 ஃபைனல தேடிப் பாத்தேன், அதுல இருந்து தான் எனக்கு இந்த மனுஷன் மேல இவ்வளவு பிரியம். ஷாட் விட்டாலும் மூஞ்சி சுருங்காது. சேர்ல போய் உக்காந்து தண்ணி குடிச்சிட்டு, அடுத்த சான்ஸ் வந்ததும் எதுவும் நடக்காத மாதிரி எந்திரிச்சு வருவாரு.

தோத்ததும் இருக்கு. 2003 உலக சாம்பியன்ஷிப் செமி ஃபைனல்ல கென் டோஹர்ட்டி கூட 15-9 லீடுல இருந்து 16-17ன்னு போச்சு. உலக பட்டம் கடைசி வரைக்கும் வரல.

2005ல அவருக்கு நியூரோ எண்டோக்ரைன் கட்டிங்க இருக்குறதா கண்டுபிடிச்சாங்க, அபூர்வமான வகை கேன்சர். கீமோ ஓடிட்டு இருக்கும்போதே ஆடுனாரு. 2006 ஏப்ரல்ல உலக சாம்பியன்ஷிப் நடக்குற ஷெஃபீல்ட் க்ரூசிபிள் அரங்கத்துல நீல் ராபர்ட்சன் கூட முதல் ரவுண்டுல 5-10 தோல்வி, அது தான் கடைசி. அடுத்த சீசன் ஓய்வு எடுத்துக்க சொல்லி, ரேங்கிங் எறங்காம அப்படியே வெச்சிருக்க மத்த ப்ளேயர்களே ஓட்டு போட்டாங்க. ஆனா 2006 அக்டோபர் 9ல போயிட்டாரு. 28வது பொறந்த நாளுக்கு அஞ்சு நாள் இருந்துச்சு. கைக்குழந்தை ஒண்ணு வீட்டுல.

இவருக்கும் ஃபியூர்த்துக்கும் என்ன சம்பந்தம்?

2004ல அந்தப் போட்டி முதல் முதல்ல நடந்தப்ப ஜெயிச்சதே அவரு தான். அதே வருஷம் பிப்ரவரில வெம்ப்ளில ரோனிய ஜெயிச்ச மாஸ்டர்ஸ் சாம்பியன், வெயில் காலத்துல ஒரு ஜெர்மன் சின்ன ஊருக்கு வந்து, க்ளப் ஆளுங்களோட ஒரே ட்ராவுல ஆடி, ஃபைனல்ல தன்னோட நெருங்குன ஃப்ரெண்டு மேத்யூ ஸ்டீவன்ஸ ஜெயிச்சாரு. ரேங்கிங் பாயின்ட் எதுவும் கிடையாது அதுக்கு. வந்தாரு, ஆடுனாரு, ஊரு ஞாபகம் வெச்சிருந்துச்சு.

அவரு போன அடுத்த வருஷம், 2007ல, போட்டிக்கு அவரு பேரையே வெச்சாங்க. இங்கிலாந்துல மாஸ்டர்ஸ் கோப்பைக்கு பால் ஹன்டர் பேரு வெக்கிறோம்னு அறிவிச்சது 2016ல. மூணு தடவ அதே கோப்பைய ஜெயிச்சவரு, ரசிகர்களும் ப்ளேயர்களும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, ஆனா பத்து வருஷம் ஆச்சு. ஃபியூர்த்ல ஒரே வருஷத்துல செஞ்சுட்டாங்க. இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த ஊர எனக்குப் பிடிக்கும்.

2010ல என்ன மாறுச்சு?

அப்போ ப்ரோ ஸ்னூக்கர் ரொம்ப மோசமான நெலமைல இருந்துச்சு. 2009-10 சீசன்ல மொத்தமே ஆறு ரேங்கிங் போட்டி தான், மத்த நாளெல்லாம் ப்ளேயருங்க வீட்டுல உக்காந்து ப்ராக்டீஸ் பண்ண வேண்டியது தான், வருமானமும் இல்ல. பேரி ஹெர்ன் ப்ரோ ஸ்னூக்கர நடத்துற பொறுப்புக்கு வந்ததும் ப்ளேயர்ஸ் டூர் சாம்பியன்ஷிப்னு ஒண்ணு ஆரம்பிச்சாரு. முதல் வருஷம் 12 சின்ன போட்டி, பாதி ஷெஃபீல்ட்ல, மீதி ஐரோப்பால மத்த ஊருங்கள்ல. எல்லாமே ஏழு ஃப்ரேம், நாலு எடுத்தவன் ஜெயிச்சான். கம்மியா ரேங்கிங் பாயின்ட் உண்டு, பரிசுப் பணம் உண்டு, முக்கியமா அமெச்சூரும் ஆடலாம். புதுசா ஒரு போட்டி கட்டுறதுக்கு பதிலா ஏற்கனவே நல்லா ஓடிட்டு இருந்த ஃபியூர்த்த உள்ள சேத்துக்கிட்டாங்க, ஐரோப்பா பக்கத்துல முதல் போட்டியே இது தான்.

அந்த முதல் வருஷம் ஜெயிச்சது ஜட் ட்ரம்ப். 21 வயசு முடிஞ்சு ஒரு வாரம் தான் ஆகுது, ஃபைனல்ல ஆன்டனி ஹாமில்டன 4-3. அடுத்த ஏப்ரல்ல சைனா ஓப்பன், அதுக்கப்புறம் உலக சாம்பியன்ஷிப் ஃபைனல்னு அவரு எங்கேயோ போயிட்டாரு, 2019ல உலக சாம்பியனும் ஆனாரு. ஆரம்பம் எங்கன்னு தேடுனா ஃபியூர்த்ல வந்து நிக்கும்.

அமெச்சூர் ஆளுக்கு அங்க நாள் எப்படிப் போகும்?

ப்ரோ எல்லாம் எறங்குறதுக்கு முன்னாடி அமெச்சூர்களுக்குள்ளயே ரவுண்டு நடக்கும். அதுல நாலு ஃப்ரேம் எடுக்க முடியாம நெறைய பேரு வீட்டுக்குப் போயிடுவாங்க. தாண்டி வந்தவங்களுக்குத் தான் மெயின் ட்ரா.

ட்ராவுல பெரிய பேரு விழுந்துச்சுன்னு வெச்சுக்கங்க. காலைல கை குடுத்துட்டு ப்ரேக், அதாவது முதல் ஷாட், நீங்க எடுக்குறீங்க, வெள்ளை பால் திரும்பி வந்து பால்க் குஷன்ல (டேபிள்ல நீங்க ஆட ஆரம்பிச்ச பக்கத்து ஓரம்) ஒட்டாம ஒரு அடி தள்ளி நின்னுடுச்சு. அவ்வளவுதான் உங்க தப்பு. அவரு எந்திரிச்சு வந்து நீளமா ஒரு ரெட் போடுவாரு, அப்புறம் ப்ளாக், ரெட், ப்ளாக், நீங்க சேர்ல உக்காந்து சாக் கட்டிய விரல்ல உருட்டிக்கிட்டு பத்து நிமிஷம் பாப்பீங்க. டிவில பாக்குறப்ப தெரியாத ஒண்ணு கிட்ட இருந்து பாத்தா தெரியும், பால் பாக்கெட்ல விழுற சத்தம் ஒவ்வொண்ணும் ஒரே மாதிரி இருக்கும். எங்க ஊர் க்ளப் போட்டில ஸ்டேட் லெவல் ஆடுற ஒருத்தர் கூட எனக்கு முதல் ரவுண்டே விழுந்திருக்கு, அந்த சத்தத்த அன்னிக்குத் தான் கேட்டேன், இன்னும் காதுல இருக்கு. ஸ்டேட் லெவலுக்கே அப்படின்னா ஃபியூர்த்ல மார்க் செல்பி எதிர்ல உக்காந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்.

ஆனா தோத்துட்டு போறதுக்காக மட்டும் யாரும் வரல. இந்த மாதிரி போட்டில ஒரு ப்ரோவ ரெண்டு ப்ரோவ தட்டிட்டு போன அமெச்சூருங்க இருந்திருக்காங்க. நாலு ஃப்ரேம் தானே, ப்ரோ ஆளு அன்னிக்கு தூக்கக் கலக்கத்துல இருந்தா முடிஞ்சுது கதை. அதுலயும் ப்ளேயர்ஸ் டூர்ல நல்லா பாயின்ட் சேத்தா மெயின் டூர்ல, அதாவது ப்ரோ ஆளுங்க ஆடுற சுற்றுல, இடமே கிடைக்கிற வழி ஒண்ணு வெச்சிருந்தாங்க.

எந்த அமெச்சூராவது கோப்பை ஜெயிச்சிருக்காங்களா?

இல்ல. கடைசில நின்னது எப்பவும் ப்ரோ தான்.

யாரெல்லாம் ஜெயிச்சாங்க? எது உங்களுக்கு முக்கியம்?

2009ல ஷான் மர்ஃபி, ஃபைனல்ல ஜிம்மி வைட்ட ஜெயிச்சாரு, ப்ரோ-ஆம் காலத்தோட கடைசி வருஷம் அது. 2010 ட்ரம்ப் சொல்லிட்டேன். 2011லயும் 2012லயும் மார்க் செல்பி, மார்க் டேவிஸ 4-0, ஜோ ஸ்வெய்ல 4-1. 2013ல ரோனி, ஜெரார்ட் க்ரீன 4-0. அந்த வருஷம் மே மாசம் தான் ஒரு வருஷம் ஆடாம இருந்துட்டு நேரா வந்து உலக பட்டத்த எடுத்திருந்தாரு, மூணே மாசத்துல ஃபியூர்த்ல. 2014ல மார்க் ஆலன், ட்ரம்ப 4-2.

முக்கியம்னா எனக்கு 2015 தான். அலி கார்ட்டர். அவருக்கு 2013ல விரைல கேன்சர், சரியாச்சு. 2014ல நுரையீரல்ல மறுபடியும். கீமோ முடிச்சுட்டு அந்த வருஷக் கடைசில தான் திரும்ப டேபிளுக்கு வந்தாரு. அடுத்த ஆகஸ்ட்ல, கேன்சர்ல போன ஒரு பையன் பேர்ல நடக்குற போட்டில, ஃபைனல்ல ஷான் மர்ஃபி கூட கடைசி ஃப்ரேம் வரைக்கும் போய் 4-3ன்னு ஜெயிச்சாரு. யாரும் திட்டம் போட்டு இப்படி நடத்த முடியாது. இந்த ஒரு வருஷத்துக்காக மட்டும் கூட இந்தப் போட்டி நடந்திருக்கலாம்னு நான் சொல்லுவேன்.

2016ல ரேங்கிங் போட்டி ஆனது நல்லதா கெட்டதா?

ப்ளேயர்ஸ் டூர் சாம்பியன்ஷிப் 2016ல முடிஞ்சுது, ஃபியூர்த் முழு ரேங்கிங் போட்டியா மாறுச்சு, ஜெயிச்சவருக்கு 20,000 பவுண்டு. அமெச்சூர் ரவுண்டுங்கள எடுக்கல, கதவு தெறந்து தான் இருந்துச்சு. அதனால அந்த மூணு வருஷத்த நான் நல்ல காலம்னு தான் சொல்லுவேன். 2016ல செல்பி மூணாவது தடவ, டாம் ஃபோர்ட 4-2, அப்போ அவரு உலக சாம்பியன் வேற. 2017ல மைக்கேல் வைட், மர்ஃபிய 4-2, பாவம் மர்ஃபிக்கு மூணு வருஷத்துல ரெண்டாவது ஃபைனல் தோல்வி. 2018ல கைரன் வில்சன், பீட்டர் எப்டன 4-2. எப்டனுக்கு அப்போ 48 வயசு தொடப் போகுது, எதிர்ல 26 வயசு ஆளு. 2002 உலக சாம்பியன் ஃபியூர்த் ஃபைனல்ல இன்னும் அதே பொறுமையோட ஒவ்வொரு ஷாட்டையும் நின்னு யோசிச்சு ஆடிட்டு இருந்தாரு.

அப்புறம் ஏன் நின்னுபோச்சு?

2019ல ரேங்கிங் போட்டியா இல்லாம 16 பேர அழைச்சு ஆடுற போட்டியா சுருங்கிடுச்சு. அமெச்சூர்னு பேரு குடுத்து உள்ள வர்ற வழி மெயின் போட்டில இல்ல. பேரி ஹாக்கின்ஸ் ஜெயிச்சாரு, கைரன் வில்சன 4-3. 2020ல கொரோனா வந்துச்சு, நடத்தல. அதுக்கப்புறம் திரும்ப வரல.

எனக்கு வருத்தம் கொரோனா மேல இல்ல, அதுக்கு முந்தின வருஷமே நடந்தது மேல தான். நெறைய டேபிள் போட்டு, பேரு தெரியாத ஆளு பக்கத்து டேபிள்ல உலக சாம்பியன்னு கலந்து ஆடுறது தான் ஃபியூர்த். பெரிய ஆளுங்க பதினாறு பேர் ஆடுற போட்டிக்கு உலகத்துல பஞ்சமே இல்ல. அந்த ஊருக்குன்னு இருந்தது கூட்டத்துல யார் வேணா ஒரு க்யூவ எடுத்துட்டு உள்ள போகலாங்கிற அந்த வழி, அத மூடுன பிறகு பேரு மட்டும் தான் மிச்சம். டிவி, நேரம், செலவுன்னு நடத்துறவங்களுக்கு ஆயிரம் கணக்கு இருக்கும், அதையும் நான் மறுக்கல. ஆனாலும் மனசு கேக்கல.

நம்ம ஊருக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?

இந்தப் போட்டிக்கு நேரா இல்ல. ஆனா ஸ்னூக்கருக்கு இருக்கு, அதுவும் பெரிய சம்பந்தம். 1875ல ஜபல்பூர் ராணுவ மெஸ்ல நெவில் சேம்பர்லின்ங்கிற ஆபீசர் பில்லியர்ட்ஸ் டேபிள்ல கலர் பால்கள சேத்து ஆட ஆரம்பிச்சது தான் ஸ்னூக்கர், பின்னால இங்கிலாந்து பிரதமரா இருந்த சேம்பர்லின் வேற ஆளு, கொழப்பிக்காதீங்க. அந்த ஆட்டத்தோட ரூல்ஸ எழுதி செவுத்துல மாட்டுனது நம்ம ஊட்டி க்ளப்ல, 1882 வாக்குல. அந்த பில்லியர்ட்ஸ் ரூம் இன்னும் இருக்கு. ஆனா அது மெம்பருக்கு மட்டும் தெறக்குற க்ளப். ஆட்டம் பொறந்ததே வெளியாளு நுழைய முடியாத ரூம்ல, அங்க இருந்து யாரு வேணா ஆடலாங்கிற ப்ரோ-ஆம் வரைக்கும் ஆட்டம் எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு எனக்குத் தோணும்.

ஹன்டர் பேர்ல வேற என்ன நடந்துச்சு?

அவரு பேர்ல ஒரு ஃபவுண்டேஷன் தொடங்குனாங்க, வசதியில்லாத, உடல் குறைபாடு இருக்குற பிள்ளைங்க ஸ்னூக்கர் ஆட. ஸ்காலர்ஷிப்னு ஒண்ணும் வெச்சாங்க, முதல்ல கிடைச்சது ஸ்காட்லாந்து பையன் ஆன்டனி மெக்கில்லுக்கு, ஷெஃபீல்ட்ல பெரிய ப்ளேயருங்க கூட ப்ராக்டீஸ் பண்ற வாய்ப்பு. அதே மெக்கில் தான் 2016ல இந்தியன் ஓப்பன் ஜெயிச்சாரு.

இப்போ ஃபியூர்த்ல ஸ்னூக்கரே இல்லையா?

2022 ஆகஸ்ட்ல ஐரோப்பியன் மாஸ்டர்ஸ் அதே ஷ்டட்ஹாலேல நடந்துச்சு. ஃபைனல்ல யாரு தெரியுமா, கைரன் வில்சனும் பேரி ஹாக்கின்ஸும். கடைசி பால் ஹன்டர் க்ளாசிக் ஃபைனல்ல ஆடுன அதே ரெண்டு பேரு, அதே ஹால். இந்தத் தடவ கைரன் 9-3. அடுத்த வருஷம் அந்தப் போட்டி பக்கத்துல நியூரம்பெர்க்குக்குப் போச்சு, அங்க ஹாக்கின்ஸ் ஜட் ட்ரம்ப 9-6ன்னு ஜெயிச்சாரு.

புதுசா பாக்குறவங்க எந்த மேட்ச்ல ஆரம்பிக்கலாம்?

2004 மாஸ்டர்ஸ் ஃபைனல், ஹன்டர் ரோனி. 2-7 வரைக்கும் வேகமா ஓட்டிட்டு அங்க இருந்து நிதானமா பாருங்க. முடிஞ்சதும் 2015 ஃபியூர்த் ஃபைனல், கார்ட்டர் மர்ஃபி, கிடைச்சா கடைசி ஃப்ரேம மட்டுமாவது. ரெண்டையும் ஒரே நாள்ல பாருங்க.